காமிராவுக்கும் வந்தது வெள்ளெழுத்து!

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த அனுபவம் தெரிந்திருக்கும். ஒருநாள் காலையில் பேப்பரைப் பிரிக்கிறீர்கள். எழுத்து கலங்கலாகத் தெரிகிறது. கையைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்தால் படிக்க முடிகிறது. ஆறு மாசம் கழித்து இன்னும் கொஞ்சம் நீட்டுகிறீர்கள். கடைசியில் கையின் நீளம் போதாமல் கண்ணாடிக் கடைக்குப் போகிறீர்கள். சோதித்துப் பார்த்துவிட்டு, ‘ப்ளஸ் ஒன்றரை’ என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். நம் ஆட்கள் இதற்கு வைத்த பெயர், வெள்ளெழுத்து. கறுப்பு மையில் அச்சடித்தது வெள்ளையாகக் கரைந்துபோகிற வயசு!

காமிராவுக்கு இந்தக் கோளாறு பிறவியிலேயே உண்டு. சாதாரண 50 மி.மீ. லென்ஸ் போட்ட காமிராவை எடுத்துக்கொண்டு ஒரு எறும்பின் அருகே போய்ப் பாருங்கள். சுமார் 45 சென்டிமீட்டர் வரை ஒத்துழைக்கும். அதற்கு மேல் நெருங்கினால், ‘என்னால முடியாதுப்பா’ என்று கையை விரித்துவிடும். எறும்பு ஒரு கறுப்புத் தீற்றலாகிவிடும்.

இதற்கு வைத்தியம் இரண்டு. ஒன்று, அருகில் பார்ப்பதற்கென்றே செய்த மேக்ரோ லென்ஸ் வாங்குவது. விலை பல பத்தாயிரங்களில் ஆரம்பிக்கும். இன்னொன்று, கண்ணாடிக் கடைக்காரர் நமக்குச் செய்ததையே காமிராவுக்கும் செய்வது. இருக்கிற லென்ஸின் மூக்கில் ஒரு குவிந்த கண்ணாடியை மாட்டிவிடுவது. அதன் பெயர் க்ளோஸப் லென்ஸ். கடையில் ‘க்ளோஸப் ஃபில்டர்’ என்று கேட்டால்தான் சட்டென்று எடுத்துக் கொடுப்பார்கள். மற்ற ஃபில்டர்களைப் போலவே திருகி மாட்டுவதால் வந்த பெயர். மற்றபடி அது எதையும் வடிகட்டுவதில்லை. வீட்டில் இருக்கும் காபி ஃபில்டராவது பெயருக்கு ஏற்ற வேலை செய்கிறது!

‘ப்ளஸ் 1, ப்ளஸ் 2, ப்ளஸ் 4’ என்று எண் போட்ட மூன்று, நான்கு கண்ணாடிகள் அடங்கிய செட் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சத்துக்குள் கிடைத்துவிடுகிறது. பி.காம். படித்துவிட்டுப் பேனா பிடித்தவன் நான். ஐம்பதாயிரம் ரூபாய் வேலையில் பாதியை ஆயிரம் ரூபாய் செய்கிறது என்றால் அதன் பூர்வ கதையைத் தோண்டாமல் இருக்க முடியுமா? தோண்டினால் அது இத்தாலியில் ஆரம்பித்து, ஹாலந்து வழியாக, நம்ம போடிநாயக்கனூர் மலைச்சரிவில் வந்து நிற்கிறது.

போடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரே வார்த்தையில் சொன்னால், மில்லிமீட்டர்.

போடி, ஏலத்தை ஏலம் விடுகிற ஊர். மேலே போடிமெட்டைத் தாண்டினால் விரிகிற ஏலமலைக் காடுகளிலிருந்தும், இந்தப் பக்கத்துச் சரிவுகளிலிருந்தும் காய் இறங்கி வருகிறது. தரம் பிரிக்கும்போது அது சல்லடையில் விழுகிறது. 7 மி.மீ. கண்ணில் நின்றால் முதல் தரம். அந்தக் காய்க்கு ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்’ என்று பட்டத்து இளவரசன் மாதிரி ஒரு பெயர். 6 மி.மீ. என்றால் வெறும் ‘போல்ட்’. 5 என்றால் ‘சுப்பீரியர்’. ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் பட்டமும் போச்சு, விலையும் போச்சு.

இந்தக் காயின் பெரிய எதிரிகளில் ஒன்றின் நீளமும் கிட்டத்தட்ட அதே ஒரு மில்லிமீட்டர்தான், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். இலைப்பேன். தோட்டத்துக்காரர்கள் ‘த்ரிப்ஸ்’ என்பார்கள். இலையுறைக்குள்ளும் பூவின் குழலுக்குள்ளும் ஒளிந்துகொண்டு பிஞ்சுக் காயின் சாற்றை உறிஞ்சும். காய் வளர வளர அந்தத் தழும்பும் வளர்ந்து, சொறி பிடித்தது போல மேல்தோல் தடித்துப்போகும். அப்படிப்பட்ட காயை வியாபாரி உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கும்போதே முகத்தைச் சுளிப்பார். ஆக, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒன்று ஒரு குடும்பத்தின் வருஷ வருமானத்தைத் தீர்மானிக்கிற பூமி இது. சின்னதைப் பார்க்கிற கண்ணாடியின் கதையை இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

கதையின் முதல் காட்சி, 1306. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் ஜோர்தானோ என்ற பாதிரியார் பிரசங்கம் செய்கிறார். பேச்சோடு பேச்சாக, மூக்குக் கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் 20 வருஷம்கூட ஆகவில்லை என்று சொல்கிறார். அந்தப் பேச்சைக் குறித்துவைத்த புண்ணியவான்களால்தான் கண்ணாடி பிறந்தது 1286 வாக்கில் என்று நமக்குத் தெரிகிறது. முதலில் வந்தவை எல்லாமே குவிந்த கண்ணாடிகள். அதாவது, வெள்ளெழுத்துக்காரர்களுக்கானவை. மடாலயத்தில் ஏடு படித்துக்கொண்டிருந்த வயசான துறவிகளுக்கு இன்னும் இருபது வருஷ வேலைக்காலம் கிடைத்தது என்றால் சும்மாவா?

இரண்டாவது காட்சிக்கு நம் பக்கம் வந்துவிடலாம். விஜயநகரப் பேரரசு. கிருஷ்ணதேவராயர் காலத்தில் பெரும் மதிப்போடு வாழ்ந்த மத்வ ஆசார்யர் வியாசதீர்த்தர். அவர் வாழ்க்கையை சோமநாத கவி சமஸ்கிருதத்தில் எழுதிவைத்தார். அதில் சுவாமிகள் கண்ணாடி அணிந்து ஏடு படிக்கிறார்! 1520-ஐ ஒட்டிய சங்கதி. இந்தியாவில் மூக்குக் கண்ணாடி பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று என்று பி.கே.கோடே என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். போர்த்துக்கீசியர் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும் என்பது ஊகம். அதே விஜயநகரத்தின் கிளையாக மதுரையில் வந்து உட்கார்ந்த நாயக்கர்கள் வகுத்த 72 பாளையங்களில் ஒன்றுதான் போடிநாயக்கனூர்.

மூன்றாவது காட்சியில் ஹீரோ ஒரு ஜவுளி வியாபாரி. ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊர்க்காரர் லேவன்ஹுக். துணியில் நூல் எத்தனை, நெசவு எப்படி என்று பார்க்க ஜவுளிக்காரர்கள் சின்ன லென்ஸ் வைத்திருப்பது வழக்கம். இந்த ஆசாமி அதோடு நிற்கவில்லை. தானே கண்ணாடியை உருக்கி, தேய்த்து, மணி போன்ற குட்டி லென்ஸ்கள் செய்து, பித்தளைத் தகட்டில் பதித்தார். ஒரே ஒரு லென்ஸ்தான். அதை வைத்துக்கொண்டே 1676-ல், தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துகின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். லத்தீன் தெரியாது. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. எழுதியதெல்லாம் டச்சு மொழியில். லண்டன் பண்டிதர்கள் முதலில் நம்பவில்லை. ஆனால், அவர்களாலேயே மறுக்கவும் முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே வருஷங்களில் அதே டச்சுக்காரர்கள் கொச்சியில் இன்னொரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே கவர்னராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் முதலானவர்களை வைத்துக்கொண்டு மலபார்ச் செடிகளையெல்லாம் படம் வரைந்து தொகுத்தார். ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்று 1678-லிருந்து 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் நம் ஏலமும் உண்டு, ‘எலெத்தரி’ என்ற உள்ளூர்ப் பெயரிலேயே. இன்றைக்கும் தாவரவியலில் ஏலத்தின் குலப்பெயர் எலெட்டேரியா. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் உச்சரிப்பது மலைச்சரிவில் பேசிய பெயரைத்தான்!

டெல்ஃப்ட்டில் லென்ஸ், கொச்சியில் ஏலம். இரண்டும் சந்தித்துக்கொள்ள இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

அதற்கு முன், அந்த ‘ப்ளஸ்’ கணக்கை முடித்துவிடுவோம். கண்ணாடியின் சக்தியை அளக்க நீண்ட காலம் ஊருக்கு ஒரு முறை இருந்தது. அங்குலத்தில் சொல்வார்கள். ஒரு நாட்டு அங்குலம் இன்னொரு நாட்டு அங்குலத்தோடு ஒத்துப்போகாது. 1872-ல் ஃபெர்டினாண்ட் மொனோயே என்ற பிரெஞ்சுக் கண் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். கண்ணாடியின் குவியத் தூரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்றை அதால் வகுங்கள்; வருகிற விடைக்கு ‘டயாப்டர்’ என்று பெயர். அவ்வளவுதான். குறும்புக்கார டாக்டர் வேறு! கண் சோதிக்க அவர் தயாரித்த எழுத்து அட்டையின் இரண்டு ஓரங்களையும் கீழிருந்து மேலாகப் படித்தால் அவருடைய பெயரே வரும். கண் நன்றாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த டயாப்டர்தான் உங்கள் மூக்குக் கண்ணாடிச் சீட்டிலும் இருக்கிறது, க்ளோஸப் லென்ஸின் விளிம்பிலும் இருக்கிறது. கணக்கு சின்னப் பிள்ளைக் கணக்கு. காமிராவின் ஃபோகஸை ‘தூரத்தில்’ வைத்துவிட்டு ப்ளஸ் 1 மாட்டினால் 100 சென்டிமீட்டரில் இருக்கும் பொருள் தெளிவாகும். ப்ளஸ் 2 என்றால் 50. ப்ளஸ் 4 என்றால் 25. ப்ளஸ் 10 என்றால் வெறும் 10 சென்டிமீட்டர். ஒன்றின் மேல் ஒன்றாகவும் மாட்டலாம். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றையும் சேர்த்தால் ப்ளஸ் 7. சக்தி அதிகமானது காமிராவை ஒட்டி இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி.

கவனியுங்கள், இந்தக் கண்ணாடி பூதக்கண்ணாடி மாதிரி ‘பெரிதாக்கிக் காட்டுகிறது’ என்று பலரும் நினைக்கிறார்கள். அது செய்கிற முக்கியமான காரியம் வேறு. காமிராவை முன்னே போக விடுகிறது. கிட்டே போனதால்தான் பூ பெரிதாகத் தெரிகிறது.

சரி, காமிராவுக்கு இந்தக் கண்ணாடியை முதலில் பெரிய அளவில் விற்றது யார்? புகைப்படக் கலை 1839-ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஓரிரு வருஷத்திலேயே இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பாட், சூரிய ஒளி மைக்ராஸ்கோப்பை வைத்துப் பூச்சி இறக்கைகளைப் படம் பிடித்துவிட்டார். ஆனால், அது பணக்காரப் பிரபுவின் பரிசோதனை. நம் மதுரைக்குப் பெரிய காமிரா வந்தது 1858-ல். லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி, பெரிய பெரிய காகித நெகடிவ்களில் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு கோபுரம்தான் வேண்டும். கோபுரத்தடியில் ஊர்கிற எறும்பு அல்ல.

சாமானியன் கைக்குக் காமிரா வந்தது 1900-ல். கோடாக் கம்பெனி ஒரே ஒரு டாலருக்கு ‘பிரௌனி’ என்ற அட்டைப்பெட்டிக் காமிராவை இறக்கியது. அதில் ஃபோகஸ் செய்ய ஒன்றும் கிடையாது. பொத்தானைத் தட்ட வேண்டியதுதான். பல அடி தள்ளி நிற்பவர்கள் தெளிவாக விழுவார்கள். கிட்டே வந்த குழந்தை முகம் மட்டும் கலங்கிவிடும். அம்மாக்கள் சும்மா விடுவார்களா? கோடாக் ஒரு சின்னக் கண்ணாடி வளையத்தைத் தனியாக விற்க ஆரம்பித்தது. ‘போர்ட்ரெய்ட் அட்டாச்மென்ட்.’ மாட்டிக்கொண்டால் மூன்று, மூன்றரை அடியில் முகம் தெளிவாக விழும். அது மாறுவேஷத்தில் வந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியேதான்! பிறகு ஜெர்மானியர்கள் ரோலைஃப்ளெக்ஸ் இரட்டை லென்ஸ் காமிராவுக்கு ‘ரோலைனார்’ என்று ஜோடியாகச் செய்தார்கள். படம் எடுக்கும் லென்ஸுக்கு ஒன்று, பார்க்கும் லென்ஸுக்கு ஒன்று. அதுபோன்ற இரட்டை லென்ஸ் காமிராக்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறார்கள்!

எதற்காகவும் எதையும் மாட்டாமல், தானே முகத்தோடு முகம் வைத்துப் பார்க்கிற லென்ஸ் பிறகுதான் வந்தது. 1955-ல் ஹைன்ஸ் கில்ஃபிட் என்ற ஜெர்மானியர் ‘மேக்ரோ கிலார்’ லென்ஸைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே ஜப்பானின் நிக்கான், ‘மைக்ரோ நிக்கார்’ வெளியிட்டது. அதன் பின்னணி சுவாரஸ்யம். பூவும் இல்லை, பூச்சியும் இல்லை, எழுத்து! ஐரோப்பியப் புத்தகங்களை மைக்ரோஃபிலிமில் சுருக்கும் லென்ஸ்கள், கோடு மேல் கோடாக நெருக்கியடிக்கும் ஜப்பானியச் சித்திர எழுத்துக்களுக்குப் போதவில்லை. தங்கள் எழுத்தைக் காப்பாற்ற அவர்கள் செய்த லென்ஸ், பிறகு உலகத்துப் பூச்சிகளையெல்லாம் படம் பிடித்தது.

அந்த லென்ஸ்கள் அற்புதமானவை. விலையும் அற்புதம். காசில்லாத ஆர்வலர்கள் இருப்பதை வைத்து ஒட்டுப்போட்டார்கள். நம் மா.கிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்களேன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ.மாதவையாவின் பிள்ளை. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-லிருந்து 1996-ல் கண்மூடும் வரை இயற்கை பற்றி விடாமல் எழுதியவர். பல கம்பெனிப் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட பிரமாண்டமான காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று செல்லப்பெயர் வேறு வைத்தார். அவர் தேடியது யானையை. ஆனால், ‘கருவி சரியில்லை’ என்று சாக்குச் சொல்கிறவர்களுக்கு அந்த ஒட்டுப்போட்ட காமிரா பதில் சொல்லிவிட்டது.

மலிவுக் கண்ணாடிக்கு ஒரு வியாதி உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ஒற்றைக் கண்ணாடி வெவ்வேறு நிற ஒளியை வெவ்வேறு இடத்தில் குவிக்கும். அதனால் வெள்ளைப் பூவின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கரை கட்டும். படத்தின் மூலைகள் கரையும். இந்தச் சிக்கலுக்கு மருந்து கண்டவர் செஸ்டர் மூர் ஹால் என்ற லண்டன் வக்கீல்! 1730-களில், இரண்டு விதமான கண்ணாடியில் செய்த லென்ஸ்களை ஒட்டினால் நிறக்கரை மறையும் என்று கண்டுபிடித்தார். ரகசியம் வெளியாகக் கூடாதே! குவிந்ததை ஒரு கடையிலும், குழிந்ததை வேறொரு கடையிலும் செய்யக் கொடுத்தார். இரண்டு கடைக்காரர்களும் வேலையை வெளியே கொடுத்தார்கள்... ஒரே ஆளிடம்! ஜார்ஜ் பாஸ் என்ற அந்தத் தொழிலாளி இரண்டும் ஒரே வாடிக்கையாளருக்குத்தான் என்று தெரிந்ததும் ஒட்டிப் பார்த்தார், குட்டு உடைந்தது என்று சொல்வார்கள். கடைசியில் 1758-ல் பேட்டண்ட் வாங்கிக் காசு பார்த்தவர் ஜான் டாலண்ட். வக்கீலுக்குப் பேர் மட்டும்தான் மிச்சம்.

இன்றைக்கும் க்ளோஸப் லென்ஸ் இரண்டு ஜாதி. ஒற்றைக் கண்ணாடி, மலிவு. இரட்டைக் கண்ணாடி, அதாவது ‘அக்ரோமேட்’, சில ஆயிரங்கள். கானனின் 500டி இந்த இரண்டாவது ஜாதி. ஒற்றைக் கண்ணாடிக்காரர்கள் மனம் தளர வேண்டாம். லென்ஸின் துவாரத்தை எஃப் 8, எஃப் 11 என்று சுருக்கினால் மூலைகள் தெளியும். நிறக்கரை முழுசாகப் போகாது. பூவைப் படத்தின் நடுவில் வைத்துக்கொண்டால் உறுத்தாது.

இப்போது மலைக்குப் போவோம். லென்ஸும் ஏலமும் சந்தித்த இடம் உண்மையில் ஒரு காமிரா அல்ல. கோயமுத்தூர் வேளாண் கல்லூரியின் மைக்ராஸ்கோப். அங்கே பூச்சியியல் அறிஞராக இருந்த டி.வி.ராமகிருஷ்ண ஐயர், 1935-ல் ஏலச்செடியின் இலைப்பேனை வர்ணித்து அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். கார்டமோமி என்று ஏலத்தின் பெயரையே அதற்கு வைத்தார். குலப்பெயர் பிற்பாடு மாறினாலும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இன்றும் ‘ராமகிருஷ்ண, 1935’ என்று நிற்கிறது. அதுவரை ‘காய்க்கு ஏதோ சொறி’ என்றிருந்த விஷயத்துக்கு ஒரு முகமும் முகவரியும் கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்து, தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகள் பற்றி அவர் எழுதிய கைநூல் வந்தது. பின்னால் சென்னை லயோலா கல்லூரியில் டி.என்.அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்களை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாக்கி உலகப் பெயர் வாங்கினார். தமிழ்நாட்டுக்கும் இந்தப் பொடிப் பூச்சிக்கும் அப்படி ஒரு பந்தம்!

பூச்சி விஞ்ஞானியும் காமிராக்காரரும் கைகோத்ததும் இதே கோவை வட்டாரத்தில் நடந்தது. 1998-ல் தென்னிந்திய வண்ணத்துப்பூச்சிகள் பற்றி ஒரு படப் புத்தகம் வெளிவந்தது. அட்டையில் பூச்சியியல் பேராசிரியர் குணதிலகராஜின் பெயருக்குப் பக்கத்திலேயே டி.என்.ஏ.பெருமாள், கே.ஜெயராம் என்ற இரண்டு புகழ்பெற்ற இயற்கைப் புகைப்படக்காரர்களின் பெயர்களும் இருந்தன. கிட்டே போய் எடுத்த படம் அழகுக்கு மட்டுமல்ல, அடையாளம் காண்பதற்கும்தான் என்று புரிந்துவிட்ட காலம் அது.

அடையாளம் காண்பது ஏன் முக்கியம்? ஏலத்தோட்டத்தில் விரோதி சின்னது, சிநேகிதனும் சின்னது!

ஏலப்பூவைப் பார்த்திருக்கிறீர்களா? செடி ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். பூ உச்சியில் இருக்காது. தூரடியிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரத்தில், காலடியில் பூக்கும். வெள்ளை இதழ், நடுவில் ஊதாக் கோடுகள். விடியும் முன் விரிந்து, அன்றைக்கே வாடிவிடும். அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்தால் காய். வராவிட்டால் வெறும் சரம். இதழில் இருக்கும் கோடுகள் தேனீக்குப் போட்ட வழிகாட்டிப் பலகை. பூவின் குழல், தேனீயின் நாக்கைவிட நீளம். ஆனாலும் தேன் எப்படி எட்டுகிறது என்று பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் ஆராய்ந்தார்கள். குழலுக்குள் ஊசி போல நிற்கும் சூல்தண்டைப் பிடித்துக்கொண்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி தேன் மேலே ஏறி வருகிறதாம். மலைத்தேனீயும் அடுக்குத் தேனீயும் கூலி கேட்காமல் செய்கிற இந்த வேலையை நம்பித்தான் போடியில் ஏலமே நடக்கிறது.

இப்போது சிக்கல் புரிகிறதா? பூவின் குழலுக்குள் இலைப்பேன். அதே பூவின் வாசலில் தேனீ. விரோதியை அடிக்க மருந்துக் குழாயைத் திறந்தால் சிநேகிதனும் சேர்ந்து சாகிறான். ஏலமலைகளில் பூச்சிமருந்து அளவுக்கு மீறிப் போகிறது என்பது பல வருஷமாக இருக்கிற புகார். எச்சம் அதிகம் என்று வெளிநாட்டில் சரக்கை மறுத்த கசப்பும் வியாபாரிகளுக்கு உண்டு. தேனீ நடமாடும் காலை நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்று வேளாண் துறையினர் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்கள். காதால் கேட்பது ஒரு ரகம். தன் தோட்டத்துப் பூவில் எந்நேரம் எத்தனை தேனீ வந்தது என்று தானே எடுத்த படத்தில் பார்ப்பது வேறு ரகம், இல்லையா?

அங்கேதான் ஆயிரம் ரூபாய்க் கண்ணாடிக்கு வேலை வருகிறது. இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. லென்ஸின் மில்லிமீட்டரை டயாப்டரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், காமிராவுக்குள் பிம்பம் நிஜத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் ப்ளஸ் 4 மாட்டினால் 0.2. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ப்ளஸ் 10 மாட்டினால் 0.5. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 10 சென்டிமீட்டர் பக்கத்தில் போக வேண்டும். தேனீ, ‘யாருய்யா இது’ என்று பறந்துவிடும்.

அதே நேரம், காமிராவோடு சேர்ந்து வாங்கிய 70-300 ஜூம் லென்ஸ் பலர் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதை 300-ல் வைத்து வெறும் ப்ளஸ் 2 மாட்டுங்கள். 300-ஐ 2-ஆல் பெருக்கினால் 600. வகுத்தால் 0.6! முன்னதைவிடப் பெரிய படம், அதுவும் அரை மீட்டர் தள்ளி நின்றுகொண்டே! தேனீ அதன் பாட்டுக்கு வேலை பார்க்கும். எண் பெரிதாக இருக்கிற கண்ணாடியே உசத்தி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. லென்ஸை முன்னே தள்ளுகிற பெல்லோஸ், நீட்டல் குழாய் போன்ற கருவிகள் வெளிச்சத்தைத் தின்னும். க்ளோஸப் லென்ஸ் தின்னாது. மேலே நிழல் மரங்கள் குடை பிடித்திருக்கும் ஏலக்காட்டில், காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் போல இருக்கும் இடத்தில், இது பெரிய சௌகரியம். காற்று இல்லாத நேரமாகப் பார்த்து, தரையோடு தரையாகக் குப்புறப் படுக்க வேண்டும். தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதைவிட உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைப்பது உத்தமம். அட்டைக்கு மட்டும் நம் மேல் அதே அளவு அக்கறை இருக்கும். மூக்குப்பொடியோ உப்போ கையில் இருக்கட்டும்.

இதனால் இலைப்பேனே தெளிவாகத் தெரியுமா என்றால், தெரியாது. ஒரு மில்லிமீட்டர் பூச்சி 0.6 கணக்கில் காமிராவுக்குள் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். கீற்றாகத் தெரியும், எண்ணிக்கொள்ளலாம். இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல ராமகிருஷ்ண ஐயர் செய்ததுபோல் மைக்ராஸ்கோப்புக்குத்தான் போக வேண்டும். ஆனால் பிஞ்சின் மேல் சொறி ஆரம்பித்துவிட்டதா, பூவுக்குத் தேனீ வருகிறதா, வந்தது எந்தத் தேனீ என்பதற்கெல்லாம் இது தாராளம். விவசாய அலுவலருக்கு அனுப்பிக் கேட்கவும் ஒரு சாட்சி கையில் இருக்கும். செல்போன் மேல் க்ளிப் போட்டு மாட்டுகிற குட்டி லென்ஸும் இதே வம்சம்தான்.

ஏலக்காய் விலை ஒரு மாயமான். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டு ஊரையே மலைக்க வைத்தது. மூன்றே வருஷத்தில் சராசரி ஆயிரத்துக்கும் கீழே விழுந்து அழ வைத்தது. அந்த மோசமான நாட்களிலும்கூட இரண்டு கிலோ காயை விற்றால் ஒரு க்ளோஸப் செட் வாங்கி, மிச்சக் காசில் ஜீப்புக்கும் கொடுத்திருக்கலாம். தினமும் விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப் ஏறி மலைக்குப் போகிற பெண்கள், குனிந்து நிமிர்ந்து ஒவ்வொரு சரமாகத் தொட்டு, பழுத்த காயை மட்டும் விரலால் பிரித்தெடுக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் சொறிக் காயை எல்லோருக்கும் முன்னால் பார்த்தவர் யார் என்று கேட்டால், லென்ஸ் வைத்திருக்கிற முதலாளி அல்ல, அந்த அம்மாக்கள்தான். அடுத்த தடவை யாராவது அங்கே காமிராவோடு படுத்துக் கிடந்தால், எந்தச் சரத்தைப் பார்க்க வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேட்கட்டும்.